மக்காவ் கிளிகளும் மரப்பொந்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கப் போகும் இடங்களில், பள்ளிகளில், கிளி வளர்ப்பவர்களின் வீடுகளில் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலோர் முதலில் கேட்பது, "யார் இந்தக் கிளிகளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்?" என்றுதான். அதற்கும் பதில் கீழே இருக்கிறது. ஆனால் எனக்கு அதைவிட அதிகமாகச் சொல்ல வேண்டியிருப்பது மரப்பொந்தைப் பற்றி. வேட்டையைச் சட்டம் போட்டு நிறுத்திய இடங்களிலும்கூட மக்காவ் பெருகுவதும் பெருகாமல் போவதும் பொந்தைப் பொறுத்தே இருக்கிறது.

பஞ்சவர்ணக்கிளி என்று நாம் சொல்வதும் மக்காவும் ஒன்றா?

பேச்சுவழக்கில் ஒன்றுதான். ஆனால் இது நம் மண்ணின் பறவை இல்லை. மெக்சிகோவில் தொடங்கி அர்ஜென்டினாவின் வடக்குப் பகுதி வரை, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலத்தில் மட்டுமே மக்காவ்கள் இயற்கையாக வாழ்கின்றன. எல்லாவற்றிலும் நீளமானது கருநீல மக்காவ். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரு மீட்டர், எடை ஒன்றேகால் கிலோவுக்கு மேல். நம் பச்சைக்கிளியைப் போலப் பத்து மடங்கு எடை. உடம்பெல்லாம் ஒரே நீலம், கண்ணைச் சுற்றியும் கீழலகின் ஓரத்திலும் மட்டும் மஞ்சள். பிரேசிலில் இதன் பெயர் 'அராரா அசுல்'.

எல்லா மக்காவ்களுக்கும் ஆபத்தா?

இல்லை. கடைகளில் அதிகம் காணப்படும் நீலமும் மஞ்சளுமான மக்காவ் காட்டில் இன்னும் பரவலாக இருக்கிறது. கவலை மற்றவற்றைப் பற்றித்தான். கருநீல மக்காவ் பிரேசிலின் பந்தனால் சதுப்புவெளியிலும், அமேசானின் கிழக்கு ஓரத்திலும், வடகிழக்கு பிரேசிலின் வறண்ட பீடபூமியிலும் துண்டு துண்டாக வாழ்கிறது. பெரும் பச்சை மக்காவ் ஹோண்டுராஸ் முதல் ஈக்வடார் வரை இருந்தாலும் 2020-ல் 'மிக அருகிய இனம்' என்று அறிவிக்கப்பட்டது. பொலிவியாவின் நீலத்தொண்டை மக்காவ் சில நூறுதான் மிச்சம். பிரேசிலின் பாஹியா மாநிலத்து மணற்கல் பாறைகளில் கூடு வைக்கும் லியர் மக்காவ், 1980-களில் நூறுக்கும் கீழே போய்விட்டதோ என்று அஞ்சப்பட்டது, இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அதே மாநிலத்தின் ஸ்பிக்ஸ் மக்காவ் காட்டில் முற்றிலும் அழிந்து, கூண்டிலிருந்து திரும்பக் கொண்டுவரப்பட்டது. அதன் கதை பின்னால் வருகிறது.

அவ்வளவு பெரிய காட்டில் ஒரு கிளிக்குக் கூடு கட்ட இடமில்லை என்றால் நம்ப முடியவில்லையே?

மக்காவ் கூடு கட்டாது. சுள்ளி பொறுக்கி வந்து பின்னுகிற வேலையெல்லாம் அதற்குத் தெரியாது. மரங்கொத்தி போலப் புதிதாகத் துளைக்கவும் வராது. ஏற்கெனவே இருக்கும் பொந்தைத்தான் தேடும். கிளை ஒடிந்த இடத்தில் பூஞ்சையும் கரையானும் அரித்து ஏற்படுத்திய குழியை அலகால் சுரண்டிப் பெரிதாக்கும். சுரண்டிய மரத்தூளையே அடியில் மெத்தையாகப் பரப்பி அதன்மேல் முட்டையிடும்.

இப்போது அளவைப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளப் பறவை, ஜோடியாக, வாலோடு உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அதற்கு எவ்வளவு தடித்த மரம் வேண்டும்? மரம் மென்மையாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழி விழாது. பந்தனாலில் இந்த இரண்டும் பொருந்துகிற மரம் கிட்டத்தட்ட ஒன்றே ஒன்றுதான். பெயர் மண்டுவி. நம் ஊரில் சில சாலையோரங்களில் நிற்கிறதே, பூக்கும்போது மூக்கைப் பொத்த வைக்கும் பீநாறி மரம், அதன் நெருங்கிய சொந்தக்காரன் இது. பந்தனாலின் கருநீல மக்காவ் கூடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மண்டுவியில்தான் இருக்கின்றன. அந்த மரத்தில் மக்காவுக்குப் போதுமான பொந்து விழ மரத்துக்குக் குறைந்தது 60 வயதாவது ஆக வேண்டும்.

பந்தனால் ஆண்டில் பாதி நாள் வெள்ளத்தில் நிற்கும் வெளி. மண்டுவி வளர்வது அதற்குள் சற்றே மேடான, தண்ணீர் ஏறாத தோப்புத் திட்டுகளில் மட்டும். அதனால் வரைபடத்தில் தெரிகிற பரப்பு பெரிது, மக்காவுக்கு உதவுகிற இடம் சிறிது. அந்தச் சிறிய இடத்திலும் போட்டி உண்டு. சிவப்பும் பச்சையுமான இன்னொரு மக்காவ், ஆந்தை, வல்லூறு, மரத்தில் கூடு வைக்கும் வாத்து, தேனீ என்று எல்லோருக்கும் அதே பொந்துதான் வேண்டும்.

மாட்டுப் பண்ணைகள்தான் காட்டை அழிக்கின்றன என்கிறார்களே. பந்தனாலிலும் அப்படித்தானா?

இங்கே பதில் நேராக இல்லை. பந்தனாலின் பெரும்பகுதி தனியார் மாட்டுப் பண்ணைகளாக இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம் அது. மக்காவ் சாப்பிடுவது முக்கியமாக இரண்டே பனைகளின் கொட்டைகளை: அக்குரி, பொக்காயுவா. நாம் சுத்தியல் எடுத்தாலும் சுலபத்தில் உடையாத கொட்டைகள் அவை. அக்குரிப் பழத்தை மாடு தின்னும், சதை மட்டும் செரிக்கும், கொட்டை சுத்தமாக வெளியே வந்துவிடும். காலையில் மாட்டுப்பட்டி ஓரம் தரையில் இறங்கி, மாடு விட்டுவைத்த கொட்டைகளை நீலப் பறவைகள் பொறுக்குவது அங்கே வழக்கமான காட்சி. ஒரு காலால் கொட்டையைப் பிடித்து, வழுக்காமலிருக்க ஒரு துண்டு இலையையோ மரச்சில்லையோ அலகில் வைத்து அணைத்துக்கொண்டு, கத்தியால் அறுத்தது போல இரண்டாகப் பிளக்கும்.

அதே மாடு, மண்டுவிக் கன்றுகளை மேய்ந்தும் மிதித்தும் விடுகிறது. பெரிய மரங்கள் நிற்கும், கீழே அடுத்த தலைமுறை இருக்காது. தோப்புகளைச் சுற்றிச் சில ஆண்டுகள் வேலி போட்டால் கன்றுகள் தப்பிக்கின்றன. ஆக, மாடே வேண்டாம் என்பதைவிட மாடு எங்கே போகக்கூடாது என்று பேசுவதுதான் அங்கே பலன் தரும். பழைய மேய்ச்சல் வெளியை முழுதாக உழுது அயல்நாட்டுப் புல் விதைப்பது வேறு விஷயம். அது பனையையும் மண்டுவியையும் சேர்த்தே அழித்துவிடும்.

மக்காவின் முட்டையை டூக்கான் திருடுகிறது என்றால் டூக்கானைக் குறைத்துவிடலாமே?

ஒரு பள்ளி மாணவி கேட்ட கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. டூக்கான், நம் இருவாச்சியைப் போலப் பெரிய அலகு கொண்ட பறவை. பந்தனாலில் களவு போகும் மக்காவ் முட்டைகளில் பாதிக்கு மேல், ஆய்வாளர்கள் கணக்கிட்டபடி 53 சதவீதம், டூக்கான் தின்பவை. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. மண்டுவி விதைகளைத் தின்று வேறு இடங்களுக்குக் கொண்டுபோய்ப் போடும் வேலையில் 83 சதவீதத்தைச் செய்வதும் அதே டூக்கான்தான். இந்த ஆண்டு முட்டையைத் தின்கிற பறவைதான் அறுபது ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் பொந்துக்கு விதை போடுகிறது. அதைக் குறைத்தால் இப்போது சில குஞ்சுகள் கூடும், பிறகு மரமே இருக்காது.

பொந்து இல்லை என்றால் பெட்டி வைத்தால் போதாதா?

வைக்கிறார்கள், பலனும் இருக்கிறது. 1990-ல் நெய்வா கெடெஸ் என்ற உயிரியலாளர் பந்தனாலில் தொடங்கிய வேலை இது. பின்னாளில் அராரா அசுல் நிறுவனமாக வளர்ந்தது. 1980-களின் கடைசியில் உலகம் முழுதும் காட்டில் எஞ்சியிருந்த கருநீல மக்காவ்கள் சுமார் 3,000 என்று மதிப்பிட்டிருந்தார்கள். 2003 வாக்கில் அது 6,500-ஐத் தொட்டது, அதில் ஏறக்குறைய 5,000 பந்தனாலில். 2014-ல் 'அருகிய இனம்' என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்கி, 'ஊறுபடக்கூடிய இனம்' என்று மாற்றினார்கள்.

பெட்டி என்றால் மரப்பலகையில் செய்த பெரிய கூண்டு, உள்ளே மரத்தூள். ஆனால் புதுப்பெட்டியை விட எனக்கு முக்கியமாகப் படுவது பழைய பொந்தைப் பழுதுபார்ப்பது. பொந்து ஆழமாகிப் போய்க் குஞ்சு வெளியே வர முடியாமல் இருந்தால் அடியில் தூள் கொட்டி மட்டத்தை உயர்த்துகிறார்கள். வாய் அகலமாகி வேட்டை விலங்கு நுழைகிறதென்றால் பலகை அடித்துக் குறுக்குகிறார்கள். மழைநீர் தேங்கினால் வடிகால் துளை. மரமேறி வரும் பிராணிகள் வழுக்கி விழ அடிமரத்தைச் சுற்றித் தகடு. பக்கத்து மரக்கிளை பாலமாக இருந்தால் அதை வெட்டிவிடுவது. பார்த்தால் தச்சு வேலை, கொத்தனார் வேலை மாதிரி இருக்கும்.

அப்புறம் குஞ்சுகளைப் பார்க்கும் நாள். ஒருவர் கயிறு கட்டி மேலே ஏறுவார். பெற்றோர் இரண்டும் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து காது கிழியக் கத்தும். பொந்துக்குள் கையை விட்டுக் குஞ்சை எடுத்து வாளியில் வைத்துக் கயிற்றில் கீழே இறக்குவார். பிறந்தபோது முப்பது கிராம் அளவில், இறகில்லாமல், கண் திறக்காமல் இருந்தது மூன்று மாதத்தில் ஒரு கிலோவைத் தாண்டியிருக்கும். எடை பார்த்து, ஒட்டுண்ணி இருக்கிறதா என்று இறகை விலக்கிப் பார்த்து, காலில் வளையம் மாட்டி, தோலுக்கடியில் அரிசிமணி அளவு அடையாளச் சிப் வைத்து, அதே வாளியில் மேலே அனுப்புவார்கள்.

ஒரு ஜோடிக்கு எத்தனை குஞ்சு?

கருநீல மக்காவ் வழக்கமாக இரண்டு முட்டையிடும், பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் பறக்கும் வரை வரும். இரண்டாவது குஞ்சு பல நாள் தாமதமாகப் பொரித்தால் முதல் குஞ்சோடு போட்டி போட முடியாது. வாய் திறந்து கேட்பது மூத்ததுதான், தாய் ஊட்டுவதும் அதற்குத்தான். சின்னது பட்டினியில் செத்துப்போகும். பொந்தைவிட்டு வெளியேற மூன்றரை மாதம் ஆகும். அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் பெற்றோரோடு சுற்றும். அதனால் பல ஜோடிகள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் முட்டை வைக்கின்றன. அந்தக் குஞ்சு தானே ஜோடி சேர்ந்து முட்டையிட ஏழு, எட்டு வயதாகிவிடும்.

பெருவில் உள்ள தம்போபாட்டா காட்டில் சிவப்பு மக்காவ்களுக்கும் இதே பட்டினிப் பிரச்சினை. அங்கே 2017 முதல் 2019 வரை, சாகக்கூடிய நிலையிலிருந்த 28 குஞ்சுகளை எடுத்துத் தேற்றி, வேறு ஜோடிகளின் பொந்தில், வயது ஒத்த குஞ்சு இருக்கிற இடமாகப் பார்த்து வைத்தார்கள். வளர்ப்புப் பெற்றோர் ஒன்றுகூட விலக்கவில்லை. பத்தில் ஒன்பது அளவுக்குக் குஞ்சுகள் பறந்தன. 'மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும்' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது மக்காவுக்குப் பொருந்தவில்லை.

மழைக்காட்டு மக்காவ்களுக்கும் இதே பொந்துப் பிரச்சினைதானா?

ஆம், மரம்தான் வேறு. கோஸ்டா ரிகாவின் வடக்கில் பெரும் பச்சை மக்காவுக்கு எல்லாமே அல்மெண்ட்ரோ. நாற்பது மீட்டருக்கு மேல் வளரும் அந்த மரத்தின் கொட்டைதான் உணவு, அதன் பொந்துதான் வீடு. கட்டை இரும்பு மாதிரி. காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கியவர்கள்கூட அல்மெண்ட்ரோவை விட்டுவைத்தார்கள், ரம்பப் பல் உடைந்துவிடும் என்பதால். 1980-களில் உறுதியான புது ரம்பங்கள் வந்ததும் அதுவும் சாய்ந்தது. வெட்ட முடியாத கடினம் மட்டுமே அதுவரை அந்த மரத்துக்குக் காவலாக இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனது கனக்கும்.

1990-களில் ஆய்வாளர் ஜார்ஜ் பவல் குழுவினர் இந்தப் பறவைகளுக்கு ரேடியோ கருவி மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். பருவம் மாற மாற எங்கே போகின்றன, எந்த மரத்தை நம்பியிருக்கின்றன என்பது அப்போதுதான் தெளிவானது. அந்த வரைபடத்தின் பலத்தில் 2005-ல் மக்கெங்கே வனவிலங்குப் புகலிடம் அமைந்தது. 2008-ல் நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, இந்த மக்காவுக்காக அல்மெண்ட்ரோ வெட்டுவதற்குத் தடை விதித்தது. ஒரு பறவையைக் காக்க மரத்தைக் காத்த தீர்ப்பு.

பழங்குடி மக்கள் இறகுக்காகக் கொல்கிறார்கள் என்பது உண்மையா?

ஓரிடத்து உண்மையை எல்லா இடத்துக்கும் நீட்டக்கூடாது. பொலிவியாவின் பெனி பகுதியில் மொக்செஞோ மக்கள் திருவிழாவில் ஆடும் 'மச்செத்தேரோ' ஆட்டத்துக்குப் பெரிய இறகுக் கிரீடம் உண்டு. ஒரு கிரீடத்துக்குச் சுமார் 30 வால் இறகுகள். மக்காவின் நடுவாலில் நீண்ட இறகு இரண்டுதான், ஆக 15 பறவைகள். அங்கேதான் நீலத்தொண்டை மக்காவும் வாழ்கிறது. அர்மோனியா என்ற அமைப்பு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆடுபவர்களோடு உட்கார்ந்து, செயற்கை இறகு செய்யும் முறையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கைவினைஞர்களுக்கும் கற்றுக்கொடுத்தது. ஆட்டம் தொடர்கிறது. இன்று பல கிரீடங்கள் பறவையின் உயிர் போகாமல் செய்யப்பட்டவை.

அந்த நீலத்தொண்டை மக்காவும் காட்டில் 1992-ல்தான் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை வெளியுலகுக்கு அது கடையில் பார்த்த பறவை மட்டுமே. 2008-ல் அதற்கென்று 'பார்பா அசுல்' காப்பகம் தொடங்கினார்கள். வெள்ளம் சூழ்ந்த புல்வெளியில் தீவுகள் போல நிற்கும் மொட்டாக்குப் பனைத் திட்டுகளை நம்பித்தான் அது வாழ்கிறது.

சரி, பிடித்து விற்பவர்கள் கதை என்ன?

1980-களில் மட்டும் பத்தாயிரம் கருநீல மக்காவ்கள் பிடிக்கப்பட்டதாக மதிப்பீடு. 1987-ல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்து, காட்டிலிருந்து பிடித்தவற்றின் பன்னாட்டு வணிகத்தைத் தடுத்தார்கள். அமெரிக்கா 1992-ல் காட்டுப்பறவை இறக்குமதிக்குச் சட்டம் போட்டது, ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் நிரந்தரமாகக் கதவடைத்தது. திருட்டு முழுதாக நிற்கவில்லை. குஞ்சை எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்ப்பவர்களும் உண்டு. அப்போது போவது ஒரு குஞ்சு மட்டுமில்லை, இனி அந்த மரத்தில் பிறக்க இருந்த எல்லாக் குஞ்சுகளும்.

கூண்டில் இருப்பவற்றைக் காட்டில் விட்டுவிடலாமே?

ஸ்பிக்ஸ் மக்காவில் செய்து பார்த்தார்கள். குராசா என்ற ஊருக்கருகே, ஓடைக்கரைக் கராய்பெய்ரா மரங்களில், காட்டின் கடைசி ஆண்பறவை பல ஆண்டு தனியாக வாழ்ந்தது. சொந்த இனத்தில் துணை இல்லாமல் வேறு இன மக்காவ் ஒன்றோடு ஜோடி சேர்ந்திருந்தது. 1995-ல் அதற்காகக் கூண்டிலிருந்து ஒரு பெட்டையைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வாரங்களில் அதைக் காணவில்லை. 2000 அக்டோபருக்குப் பிறகு ஆணையும் யாரும் பார்க்கவில்லை.

2020 மார்ச்சில் ஜெர்மனியிலிருந்து 52 பறவைகள் விமானத்தில் வந்தன. 2022 ஜூனில் எட்டு, டிசம்பரில் பன்னிரண்டு என்று திறந்துவிட்டார்கள். காட்டு வாழ்க்கையைக் கற்றுக்கொடுக்க, முதல் எட்டோடு வேறு இனக் காட்டு மக்காவ் எட்டையும் சேர்த்தே விட்டார்கள். அடுத்த ஆண்டு காட்டிலேயே குஞ்சு பொரித்த செய்தி வந்தபோது எத்தனை பேர் அழுதிருப்பார்கள்! பிறகு 2025-ல் அலகையும் இறகையும் தாக்கும் சர்க்கோவைரஸ் தென்பட்டது. அந்த நவம்பரில் வெளியே இருந்த பதினொன்றையும் திரும்பப் பிடித்துச் சோதித்தார்கள்; அத்தனைக்கும் தொற்று இருந்தது. கூண்டிலிருந்து விடுவதற்கு முன் நோய்ச் சோதனை ஏன் அவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

2020 தீயில் என்ன நடந்தது?

பந்தனாலின் கால் பங்குக்கு மேல் எரிந்தது. சாவோ பிரான்சிஸ்கோ டோ பெரிகாரா என்ற பண்ணையில் மாலையானால் நூற்றுக்கணக்கான கருநீல மக்காவ்கள் ஒன்றாகத் தங்கும். அந்தப் பண்ணையும் பெரும்பாலும் கருகியது. பறவைகள் பறந்து தப்பின. பனைக்கொட்டை கரியாகிவிட்டதால் அதன் பிறகுதான் கஷ்டம். பசித்த மற்ற விலங்குகளும் முட்டையைத் தேடி மரம் ஏறின. 2024-ல் மறுபடி பெருந்தீ. இந்த முறை மிராண்டாவில் உள்ள காய்மான் பண்ணை, அராரா அசுல் நிறுவனத்தின் முக்கியக் களம். எரிந்த மண்டுவியின் இடத்தில் இன்று விதை போட்டாலும் அது பொந்து கொடுப்பது 2080-களில்தான். பெட்டிகள் அதுவரைக்குமான ஏற்பாடு.

மக்காவ்கள் மண் தின்னும் படங்கள் பார்த்தேன். நோயா?

இல்லை. தம்போபாட்டா போன்ற இடங்களில் ஆற்றங்கரைக் களிமண் சுவரில் நூற்றுக்கணக்கில் கூடித் தின்னும். கடலிலிருந்து தொலைவில் உள்ள அந்தக் காட்டில் உப்புச்சத்து குறைவு. சோடியம் கூடுதலாக உள்ள அடுக்காகப் பார்த்துத்தான் அவை கொத்துகின்றன.

நான் வீட்டில் மக்காவ் வளர்க்கலாமா?

சட்டம் முதலில். 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024-ல் வந்த விதிகளும், சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிய வேண்டும் என்கின்றன. குஞ்சு பொரித்தாலும், கை மாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். (நம் பச்சைக்கிளியை வளர்ப்பது நேரடியாகவே குற்றம். இது பலருக்கு இன்னும் தெரியவில்லை.)

என் கருத்தைக் கேட்டால், வேண்டாம். கோயம்புத்தூரில் ஒரு வீட்டில் நீலமும் மஞ்சளுமான மக்காவ் ஒன்றைப் பார்த்தேன். அன்பானவர்கள், பாதாமும் பழமுமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் அதன் நெஞ்சில் ஓர் இறகுகூட இல்லை. உரித்த கோழி மாதிரித் தோல். பகல் முழுதும் தனியாக இருந்து தானே பிடுங்கிக்கொண்டது. காட்டில் ஜோடி பிரியாமல் சுற்றுகிற பறவை அது. ஐம்பது ஆண்டு வாழக்கூடியது, வாங்குபவருக்குப் பிறகு யாரிடம் போகும் என்றும் யோசிக்க வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கைவிட வேண்டாம், வெளியே பறக்கவும் விட வேண்டாம். பதிவு செய்யுங்கள், பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள், கடித்துக் குதற மரக்கட்டை நிறையப் போடுங்கள். பொந்தைச் சுரண்டப் பிறந்த அலகுக்கு வேலை வேண்டும்.

நேரில் பார்க்க எப்போது போகலாம்?

பந்தனாலில் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை கூடு வைக்கும் காலம். மிராண்டா பகுதியில் தங்கினால் ஆய்வாளர்களோடு பொந்து பார்க்கப் போகும் வாய்ப்பும் உண்டு. பொந்துக்கு நேர் கீழே நிற்காமல் தள்ளி நில்லுங்கள். பெற்றோர் கத்தத் தொடங்கினால் இன்னும் பின்னால் வந்துவிடுங்கள்.